ராத்திரி எட்டரை மணிக்கு அம்மாவின் கால்

2019 சித்திரை மாதம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அம்மா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மொசைக் தரையில் வரிசையாக ஈரத்தடம். காலைக் கழுவிவிட்டு அப்படியே நடந்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு பழைய துணியை எடுத்துத் துடைத்தேன். துணி பிசுபிசுத்தது. தண்ணீர் பிசுபிசுக்காதே என்று அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, காலைக் காட்டு" என்றேன்.

இரண்டு பாதங்களின் அடியிலும் கொப்புளம். சிலது உடைந்திருந்தது. வலது கட்டைவிரலுக்குக் கீழே தோல், காய்ச்சின பாலின் மேல் ஆடை சுருங்கி ஒதுங்குமே, அப்படி ஒதுங்கிக் கிடந்தது. அதிலிருந்துதான் நீர் கசிந்துகொண்டிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையேடி" என்றார்.

என் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்காக அன்றைக்கு உச்சிகால பூஜைக்குப் போய், வெளிப் பிரகாரத்தை ஒன்பது சுற்று சுற்றி வேண்டுதலை முடித்துவிட்டு வந்திருக்கிறார். சித்திரை வெயிலில், மதியம் பன்னிரண்டரை மணிக்கு, கருங்கல் தரையில், வெறுங்காலோடு. தென்னைநார் விரிப்பு போட்டிருந்த இடத்தில் கூட்டமாக இருந்ததாம், அதனால் ஓரமாக நடந்தாராம். கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா ஒரு சுற்றிலேயே "ஐயோ சுடுது" என்று நிழலுக்கு ஓடிவிட்டார். அம்மாவுக்குச் சுடவே இல்லை. "அம்பாள் புண்ணியம், எனக்குச் சுடவே இல்ல" என்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார். அதைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அம்மாவுக்கு அப்போது 69 வயது. சுகர் வந்து 17 வருஷம். மாத்திரை ஒழுங்காகப் போடுவார், காபிக்குச் சர்க்கரை கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆனால் அந்த 17 வருஷத்தில் காலைக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை, நாங்களும் காட்டியதில்லை. சோதனைச் சீட்டில் என்ன எண் வந்திருக்கிறது என்பதோடு எங்கள் அக்கறை முடிந்துவிடும்.

கால் நமக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்று அம்மா அடிக்கடி சொல்வார். ஒரு நாள் கடைத்தெருவில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் கால் பர்லாங்கு தூரம் ஒற்றைச் செருப்போடு நடந்து, பூக்காரம்மா கூப்பிட்டுச் சொல்லித்தான் திரும்பிப் பார்த்தார். சில ராத்திரிகளில் பாதம் எரிகிறது என்று போர்வையை உதறிவிட்டுத் தூங்குவார். வயசாகிவிட்டது என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தோம். உங்கள் வீட்டில் சுகர் உள்ள யாராவது இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னால் தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். முக்கியமாக அந்தச் செருப்பு விஷயம். செருப்பு கழன்றது தெரியாதவருக்கு முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இடது கால் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. வலது கட்டைவிரல் மட்டும் ஆறுவதுபோல இருக்கும், மறுபடி வாய் திறக்கும். தினமும் கட்டு மாற்றினேன். நான்காவது வாரம் வீட்டில் ஒரு வாடை. எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று பீரோவுக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்கு அடியில் எல்லாம் தேடினேன். வாடை அம்மாவின் காலில் போட்டிருந்த கட்டிலிருந்து வந்தது.

தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே அறுவை சிகிச்சை டாக்டர் மழுங்கின முனையுள்ள ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். உள்ளே எதிலோ 'டக்' என்று தட்டியது. "எலும்பு தட்டுதும்மா. எலும்புலயும் சீழ் பிடிச்சிருக்கு" என்றார். அவர் எடுத்த எக்ஸ்ரே படமும் அதையே சொன்னது. சுகர் 380. கட்டைவிரலை எடுத்தார்கள். கம்பி எலும்பைத் தட்டினபோதும் அம்மா முகம் சுளிக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அந்த மருத்துவமனையில்தான் காலைச் சோதிப்பது எப்படி என்றே முதல் முறை பார்த்தேன். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார்கள். தொடும்போது 'உம்' சொல்ல வேண்டும். எல்லா இடமும் தொட்டு முடித்த பிறகு அம்மா, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். அடுத்து அதிர்வு உணர்வைப் பார்க்கிற ஒரு கருவி. அதில் 25 வோல்ட்டுக்கு மேல் போனால் புண் வரும் ஆபத்து அதிகம் என்று கணக்கு. அம்மாவுக்கு 42 காட்டியது. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, கால் அளவைக் கை அளவால் வகுத்தார்கள். 0.9க்குக் கீழே வந்தால் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். அம்மாவுக்கு 1.0 வந்தது. ரத்த ஓட்டம் இருந்ததால்தான் ஒரு விரலோடு தப்பித்தோம்.

இந்தச் சோதனைகள் எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வலி கிடையாது. சுகர் உள்ள எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை செய்துகொள்ள வேண்டியது. டாக்டர் கேட்காவிட்டால் நாமே செருப்பைக் கழற்றிவிட்டு "காலையும் பாருங்க" என்று கேட்கலாம்.

ஏன் காலில் முதலில் வருகிறது என்று அங்கே இருந்த ஒரு நர்ஸம்மா எனக்கு விளக்கினார். உடம்பில் ரொம்ப நீளமான நரம்பு இடுப்பிலிருந்து கால்விரல் வரை போவதுதான். வருஷக்கணக்கில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் நீளமான நரம்பின் நுனிதான் முதலில் கெடும். அதனால் விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் போட்டால் மூடுகிற அளவுக்கு மரத்துக்கொண்டே மேலே ஏறும். தொடு உணர்வு மட்டும் போவதில்லை. வியர்வைக்கான நரம்பும் கெடுவதால் பாதம் காய்ந்து வெடிக்கும். விரலை இழுத்துப் பிடிக்கிற சின்னச் சின்னத் தசைகள் பலம் இழந்து விரல்கள் மடங்கும். மடங்கினால் உடம்பின் பாரம் எல்லாம் விரலுக்குக் கீழே உள்ள மேட்டில் விழும். அங்கே தோல் தடித்துக் காய்ப்பு வரும். காய்ப்புக்கு அடியில் ரத்தம் கட்டிப் புண்ணாகும். மேலே பார்த்தால் வெறும் கால் ஆணி மாதிரி இருக்கும். அம்மாவின் கட்டைவிரலுக்குக் கீழேயும் அப்படி ஒரு காய்ப்பு ரொம்ப நாளாக இருந்தது. வெயில் சுட்டது ஒரே நாள்தான். ஆறவிடாமல் தடுத்ததில் அந்தக் காய்ப்புக்கும் பங்கு உண்டு என்றார்கள்.

நான் செய்த பெரிய தப்பும் அங்கேதான் தெரிந்தது. நான்கு வாரமும் புண்ணைச் சுத்தம் செய்தேன், கட்டு மாற்றினேன், வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தேன். அம்மா அந்தக் காலை ஊன்றி நடந்துகொண்டே இருந்தார். பால் பொங்குகிறதா என்று பார்க்க எழுந்து போவார், வாசலில் யாரோ கூப்பிட்டால் போவார், பாத்ரூமுக்குப் போவார். வலி இருக்கிற ஆள் நொண்டி நொண்டியாவது புண்ணைக் காப்பாற்றுவார். அம்மா நன்றாக அழுத்தி மிதித்துத்தான் நடந்தார். அடிப்பாதத்துப் புண்ணின் மேல் உடம்பின் பாரம் விழாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம் என்று அதுவரை எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. விரலை எடுத்த பிறகு, அந்த இடத்தில் பாரம் விழாதபடி ஒரு தனிச் செருப்பும் வாக்கரும் கொடுத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலிக் கழிப்பறையை வாங்கி வைத்தோம். அம்மாவுக்கு அது பெரிய மானக்கேடாகப் பட்டது. இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் ஏழு வாரத்தில் புண் மூடியது.

வார்டில் இருந்த பன்னிரண்டு நாளில் பார்த்தவையும் கேட்டவையும் ஒரு படிப்பு. எதிர்க்கட்டில் பெரியவர் செருப்பைத் துளைத்து ஏறின ஆணியோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை வயலுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார். ராத்திரி செருப்பைக் கழற்றினால் செருப்பு வரவில்லை. இன்னொருவர் வெளியூர் போகும்போது பேருந்தில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அந்தச் சூட்டிலேயே நாலு மணி நேரம் காலை வைத்திருந்திருக்கிறார். ஒரு அம்மாவுக்குத் தூக்கத்தில் எலி கடித்துக் காலையில் பாயில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. கோடிக்கட்டில் பெண்ணுக்குக் காயமே இல்லை. ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாகச் சிவந்திருந்தது, வலியும் அவ்வளவாக இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார்கள். உள்ளே பாதத்தின் எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருந்தன. மரத்த காலில் இப்படி வரும் என்றும், அந்த நேரத்தில் நடக்கவே கூடாது என்றும் அங்கேதான் கேள்விப்பட்டேன். சுகர் உள்ளவருக்கு ஒற்றைக் கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடானால் அதைச் சுளுக்கு என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். அன்றைக்கே காட்டுங்கள்.

வீட்டுக்கு வரும்போது டாக்டர் ஒரு செருப்பு எழுதிக் கொடுத்தார். எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு என்று சொல்வார்கள். உள்ளே மெத்தென்று ஒரு ரப்பர், அடியில் ஆணி ஏறாத கெட்டியான ரப்பர், மேலே ஒட்டுப் பட்டை, குதிகாலுக்குப் பின்னால் வார். 2019ல் 1,400 ரூபாய் ஆனது. அதை அளவெடுத்துச் செய்கிறவர் பேச்சுவாக்கில், "இது முதல்ல தொழுநோய்க்காரங்களுக்காக வந்த செருப்பும்மா" என்றார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. அதைக் காலில் போடவே மாட்டேன் என்று வண்டியில் வரும்போதெல்லாம் அழுதார்.

அதற்காகவே அந்தச் செருப்பின் கதையைத் தேடிப் படித்து அம்மாவிடம் சொன்னேன். பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். 1914ல் நம் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். லண்டனில் படித்து, 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்கு வந்தார். தொழுநோய் வந்தவர்களுக்கு விரல் அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவரும் அவரோடு இருந்தவர்களும் பொறுமையாகக் கூடவே இருந்து கவனித்தார்கள். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கிறார்கள், முள் மேல் நடக்கிறார்கள், ராத்திரி எலி கடிக்கிறது, எதுவும் தெரியவில்லை. சதை தானாக அழுகவில்லை, வலி இல்லாததால் அடிபட்டு அடிபட்டு அழிகிறது என்று கண்டுகொண்டார்கள். அந்தக் கால்களைக் காப்பாற்றப் பிறந்ததுதான் இந்த மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு. பின்னாளில் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் அதே அறிவுதான் உதவியது.

அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "அவங்களுக்கும் சுட்டிருக்காது, இல்ல?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை செருப்பைப் போட்டுக்கொண்டார்.

ஒரு முறை புண் வந்து ஆறினவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ளேயே மறுபடி வருகிறது. இந்தக் கணக்கை டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரை மணி என்றால் கால் பார்க்கிற நேரம். வலி செய்யவேண்டிய காவல் வேலையை இனிமேல் கண்தான் செய்ய வேண்டும் என்பதால் ஒரு நாளும் விட்டதில்லை.

ஒரு பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர். சூடு சரியா என்று அம்மா காலை விட்டுப் பார்க்கக் கூடாது, என் முழங்கையை விட்டுப் பார்ப்பேன். சாதாரண சோப்பு. இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஊறவிட மாட்டேன், ஊறினால் தோல் வெளுத்து இன்னும் சீக்கிரம் வெடிக்கும். அப்புறம் பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றி எடுப்பேன். விரல் இடுக்குதான் முக்கியம். அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும், அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். துணியின் ஓரத்தை ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு எடுப்பேன். நான்காவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் இடம் ரொம்ப நெருக்கம், அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும்.

துடைத்த பிறகு காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொள்வேன். முதலில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, பெற்ற பெண் மடியில் காலை வைப்பதா என்று இழுத்துக்கொள்வார். பெரியவர்கள் காலைத் தொடுவது ஆசீர்வாதம்தானே, தினமும் ஒரு தடவை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். கைபேசி வெளிச்சத்தில் குதிகால், உள்ளங்கால், விரல் நுனி, நகத்தின் ஓரம் எல்லாம் பார்ப்பேன். புதிதாகச் சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, கறுப்பு, நகச்சுற்று ஏதாவது இருக்கிறதா? அப்புறம் புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். ஒரு இடம் மட்டும் மற்றக் காலின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். கடைசியில் தேங்காய் எண்ணெயை மெல்லிசாகக் குதிகாலிலும் அடிப்பாதத்திலும் தடவுவேன். விரல் இடுக்கில் எண்ணெய் படக் கூடாது.

தனியாக இருக்கிறவர்கள் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் காலைத் தூக்கிக் காட்டிப் பார்க்கலாம். குனிய முடியாதவர்கள் கைபேசியை அடியில் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கண் பார்வையும் மங்கலாக இருந்தால் இன்னொருவரைக் கூப்பிடத்தான் வேண்டும், அதில் கூச்சமே வேண்டாம். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு காலையும் படம் எடுத்து வைக்கிறேன். போன வாரம் இந்தக் கோடு இருந்ததா என்று சந்தேகம் வந்தால் படம் பதில் சொல்லும்.

நகத்தை வாரம் ஒரு முறை, குளித்த பிறகு மெத்தென்று இருக்கும்போது, நேராக வெட்டுவேன். ஓரத்தை வளைத்து உள்ளே தோண்டினால் நகம் சதைக்குள் வளரும். பிளேடு கிட்டேயே வரக் கூடாது. கால் ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியில் அமிலம் இருக்கிறது. ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும். காய்ப்பு தடித்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மருத்துவமனையிலேயே சீவிவிடுகிறார்கள்.

இதெல்லாம் பழகிவிட்டது. வீட்டுக்குள் செருப்பு போட வைப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. நமக்கு வாசலோடு செருப்பு நின்றுவிட வேண்டும். லட்சுமி நடமாடுகிற வீடு, அடுப்படி, பூஜையறை என்று அம்மா ஒவ்வொன்றாக அடுக்கினார். ஆனால் காலில் குத்துகிற ஊசியும், உடைந்த வளையல் துண்டும், அடுப்பிலிருந்து தெறித்த எண்ணெயும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வீட்டுக்கென்றே வெளியே போகாத இரண்டாவது ஜோடி. கட்டிலிலிருந்து காலை இறக்கும்போதே அதில்தான் இறக்க வேண்டும். பூஜையறை வாசலில் ஒரு நாற்காலி, உள்ளே தடிமனான ஜமுக்காளம். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஜமுக்காளத்தில் காலை வைத்து விளக்கேற்றுவார். வாசல் கோலத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

கோயிலை விடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நான் சொல்லும் மற்ற எதையும் கேட்டிருக்க மாட்டார். காலை ஏழு மணிக்குள், தரை குளிர்ந்திருக்கும்போது போய்விட்டு வருகிறோம். வெளிர் நிறப் பருத்தி சாக்ஸ், இறுக்கமான பட்டை இல்லாதது. எங்கள் கோயிலில் இதுவரை யாரும் தடுத்ததில்லை. வெளிர் நிறம் எதற்கென்றால் ரத்தமோ சீழோ பட்டால் உடனே தெரியும். ஆனால் மதிய வெயிலில் சுடுகிற கல்லுக்கு சாக்ஸ் போதாது. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், பழனிப் பாதயாத்திரை என்று வேண்டிக்கொண்டிருக்கிற சுகர்காரர்கள் முதலில் காலைச் சோதித்துக்கொண்டு, டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். உணர்வு இல்லாத காலோடு வெறுங்காலில் நடக்கச் சொல்லி எந்தச் சாமியும் கேட்காது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

புதுச் செருப்பு வாங்கச் சாயங்காலம் போக வேண்டும், பகல் முழுக்க நடந்த கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கியிருக்கும். வீட்டிலேயே ஒரு தாளில் நின்று காலைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாள் மடங்காமல் செருப்புக்குள் அடங்கவில்லை என்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் அது உங்கள் அளவு இல்லை. மரத்த கால் இறுக்கத்தைச் சொல்லாது. அதனால்தான் பலர் சின்ன அளவையே 'கச்சிதமாக இருக்கு' என்று வாங்குகிறார்கள். முதல் நாள் அரை மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிப் பாருங்கள், சிவந்திருக்கிறதா என்று. விரலிடுக்கில் கவ்வுகிற ஹவாய் செருப்பு வேண்டாம். ஒவ்வொரு முறை போடும் முன்பும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிவிட்டுப் போட வேண்டும். ஒரு தடவை அம்மாவின் செருப்பிலிருந்து பேத்தியின் ஹேர்பின் விழுந்தது.

கைவைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. என் பாட்டி காலத்து வைத்தியங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சூடு வைக்கிற எதுவும் இந்தக் காலுக்கு ஆகாது. குதிகால் வலிக்குச் சூடான செங்கல் மேல் எருக்கம் இலையைப் போட்டு அதில் குதிகாலை வைத்து எடுப்பார்கள். உணர்வுள்ள கால் தாங்குகிற சூட்டில் தானாக எடுத்துக்கொள்ளும். மரத்த கால் எடுக்காது, வேகும். வெந்நீர்ப் பை, உப்புத் தண்ணீர் ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் எல்லாவற்றுக்கும் இதேதான். புண்ணில் மஞ்சளும் சுண்ணாம்பும், காபித்தூள், எருக்கம்பால் எதுவும் வேண்டாம். புண்ணைப் பார்த்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, காலை ஊன்றாமல் டாக்டரிடம் போய்விடுங்கள். சீழ், வாடை, கறுப்பு, சுற்றிலும் பரவுகிற சிவப்பு, காய்ச்சல் இருந்தால் ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த விஷயத்தில் மட்டும் கூடாது.

என் மாமா ஒருவரின் கதை வேறு மாதிரி. அவருக்கு மரத்துப்போகவில்லை, நன்றாக வலித்தது. நூறு அடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும். பாதம் ஜில்லென்று இருக்கும். சுகரோடு பீடியும் சேர்ந்து ரத்தக்குழாய் அடைத்திருந்தது. கடைசி வரை பீடியை விடவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனவே வலி இருக்கிறது, அதனால் பயமில்லை என்றும் இருந்துவிட முடியாது.

தினமும் பார்ப்பதன் பலன் 2020 ஊரடங்கில் தெரிந்தது. ஏப்ரலில் ஒரு ராத்திரி அம்மாவின் இடது சுண்டு விரல் ஓரத்தில் பயறு அளவுக்கு ஒரு கொப்புளம். முந்தின நாள் அது இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பேருந்து கிடையாது, வெளியே போக முடியாது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்பினேன். செருப்பின் பட்டை உரசுகிறது, பட்டையைத் தளர்த்துங்கள், குத்தி உடைக்காதீர்கள், மூடிவையுங்கள், தினமும் படம் அனுப்புங்கள் என்றார். ஒன்பது நாளில் வற்றிவிட்டது. எலும்பு வரை போன புண்ணும் ஒரு நாள் இந்த அளவில்தானே இருந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கின பிறகு, எங்கள் தெருவுக்கும் ஒரு தன்னார்வலர் பெண் மாதாமாதம் வீட்டுக்கே வந்து சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். 2022ல் ஒரு நாள், "அக்கா, நீங்களும் ஒரு தடவை விரலை நீட்டுங்களேன்" என்றார். 248. எனக்கு 47 வயது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி சோதனை செய்து பார்த்தால் 8.6 சதவீதம். அன்றைக்கு ராத்திரி அம்மாவின் காலைக் கழுவும்போது அழுதேன். அம்மா என் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு இன்னும் உணர்வு நன்றாக இருக்கிறது, நைலான் இழை பத்து இடத்திலும் தெரிகிறது. மெட்டி விரலை இறுக்கியிருந்ததால் அதைக் கழற்றிவிட்டுத் தளர்வான ஒன்றைப் போட்டுக்கொண்டேன். மெட்ஃபார்மின் மாத்திரை நாள்பட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும் என்று டாக்டர் சொன்னதால் அதையும் பார்த்துக்கொள்கிறேன். இப்போது மூன்று மாதச் சராசரி 7க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

எட்டரை மணிக்கு இப்போது நான்கு கால்கள். அம்மாவுடையதை முடித்த பிறகு நான் என் காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மா பார்ப்பார். நேற்று இடது காலைத் தூக்கிப் பிடித்து, கைபேசி வெளிச்சத்தை நெருக்கிக் காட்டி, "ஏண்டி, சுண்டு விரல் இடுக்குல ஈரம் நிக்குது பாரு, துண்டை எடு" என்றார்.